மேகம் என்றால் யார்?

மலைக்கோவிலில் விருந்தினர் பாட்டெழுதும் சுவரில் லௌ ஜிங் எழுதியிருந்ததை விசாரணை அதிகாரி ஃபாங் மறுபடி மறுபடி படித்தார்.

'மேகம் வந்தது, மலை போனது. மேகம் போனது, மலை எங்கும் போகவில்லை.'

பச்சைப்பிள்ளைகூட எழுதும். அதுதான் ஃபாங்குக்கு உறுத்தியது. பூவை மோந்தாலும் அவருக்குச் சதி வாசனை அடிக்கும். பதவி பறிபோய் இந்தக் காட்டுக்கு விரட்டப்பட்டவன் சும்மா மேகத்தைப் பாடுவானா? மலை என்றால் பேரரசர். மேகம் என்றால் அவரை மறைக்கும் முதலமைச்சர். நிரூபித்துவிட்டால் லௌவுக்குத் தலை போகும், ஃபாங்குக்குத் தலைநகரில் பதவி வரும்.

"சுவத்துல இருக்கிற எல்லாத்தையும் படியெடுய்யா" என்று குமாஸ்தா டாயிடம் சொல்லிவிட்டு லௌ பக்கம் திரும்பினார். "மேகம்னா யாரு?"

லௌ தேநீரை ஊதினார். "ஜன்னலைத் திறங்க, வெளிய நிக்குது."

"விளையாடாதீங்க. உள்ளர்த்தம் என்ன?"

"மனசுதான் மலை. கவலை வரும், போகும். இங்க வந்துதான் அது புரிஞ்சுது."

என்ன அழுத்தம் பாருங்கள், ஆளுக்கு! ஃபாங் வேறு வழி பார்த்தார். ஒருவர் பாட்டுக்கு அதே ஓசையில் இன்னொருவர் பதில் எழுதினால், முதலாமவர் திரும்ப எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் மரியாதைக் கேடு. நம்ம கட்சி ஆள் என்று நம்பி லௌ மனம்விட்டு எழுதட்டும் என்று, ஃபாங் தூரிகையை எடுத்துக் கீழே எழுதிப் பெயரும் போட்டார்.

'பெருங்காற்று ஒன்று எழட்டும். மேகம் என்ன ஆகிறது, பார்ப்போம்.'

படித்ததும் லௌவின் முகம் வெளுத்தது. உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து நீட்டினார்.

"முதல்ல இதைத் துடைங்க ஐயா. உங்களை மாதிரி பாட்டு படிக்கிறவங்க நாட்டுல நிறையப் பேர் இருக்காங்க."

ஃபாங் துணியைப் பிடுங்கி அழுத்தித் தேய்த்தார். பின்னால் டாய் செருமினான்.

"கீழ உள்ளதையும் எழுதிட்டேன் ஐயா. எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்களே." பணிவாகத்தான் கேட்டான். "இதுல மேகம்னா யாருங்க?"

"மேகம்னா மேகந்தான்யா!"

"மேல இருக்கிறதுலயுங்களா?"

ஃபாங் லௌவைப் பார்த்தார். லௌ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுலயுந்தான். கிழிச்சுப் போடு."

டாய் கிழித்துத் தேநீர் அடுப்பில் போட்டான். லௌ பிழைத்தார். ஆனால் எரிந்தது அதே தாள்தானா? மலை இறங்கும் வழி முழுக்க ஃபாங் டாயின் அகலமான சட்டைக்கையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.