கதவைச் சாத்தினால் கேட்காது

ஃபிரெடியின் குடும்பத்துக்கு அந்தச் சின்ன செடானே தாராளம். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும், ராஜகீழ்ப்பாக்கத்தின் எந்தச் சந்திலும் நுழைந்து வரும். ஒரே குறை, தகரம் மெல்லிசு. ஆட்டோ ஹாரன், தண்ணி லாரி, பக்கத்து வண்டிக்காரன் திட்டுவது எல்லாம் மடியில் வந்து உட்காரும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்கப் போனில் ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை. அதற்காக, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது என்று முப்பது வருஷப் பழைய ஜெர்மன் சொகுசு காரையா வாங்குவான் ஒருவன்? வாங்கினான்.

ஓட்டுவதற்கு இல்லை, பெட்ரோல் போட்டே ஆண்டியாகிவிடலாம். அபார்ட்மென்ட் கீழே செடானுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சாயங்காலமானால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். முதலில் கொஞ்ச நேரம்தான். அப்புறம் சாப்பாட்டுக்கே கெஞ்சிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதும் நின்றுபோய், மனைவி பியூலாவே மகள் ஜெரூஷாவை செடானில் அழைத்துப் போனாள். இன்னொருத்தி பின்னால் போயிருந்தால் நேரே போய்ச் சண்டை போடலாம். காரோடு என்ன சண்டை போடுவது? அவளுக்குப் பயமாகவே இருந்தது.

இன்றைக்கு ஜெரூஷாவுக்குப் பிறந்தநாள். ஜெபம் பண்ணிவிட்டு கேக் வெட்ட வேண்டியதுதான், அப்பாவைத்தான் காணோம். ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பியூலா கீழே இறங்கிப் போய்க் கார் கதவைத் திறந்தாள். பின்சீட்டில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான் ஃபிரெடி.

"என்னங்க, எல்லாரும் காத்துட்டிருக்காங்க. கேக் வெட்டணும், வாங்க."

"யாருக்கு பர்த்டே?"

அவன் விளையாடவில்லை.

"மொதல்ல எழுந்திரிங்க!" கையைப் பிடித்து இழுத்தாள். கை ஜில்லென்று இருந்தது. ஏசி ஓடவில்லை, எஞ்சினே ஓடவில்லை.

"ஒரு நிமிஷம் உக்காரு பியூலா. அப்புறம் சேந்தே போலாம்."

சேர்ந்து போகலாம் என்று அவன் சொல்லி எத்தனை நாளாயிற்று! அந்த ஒரு வார்த்தைக்காக ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

மேல்வீட்டுக் குக்கர் நின்றது. வேளச்சேரி ரோடு நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் டீச்சரான அவள் காதை விட்டுப் போகாத எட்டாம் வகுப்பு இரைச்சல், அதுவும் நின்றது. அப்பாடா என்றிருந்தது. பக்கத்தில் நின்ற செடானைப் பார்த்தாள். சும்மா நிற்கும்போதே அதைப் பார்த்தால் காது வலித்தது. இந்த டப்பாவிலா இவ்வளவு நாள் போய் வந்தோம்?

கீழே எதற்கு வந்தோம் என்று யோசித்தாள். யாரையோ கூப்பிட வந்தது. யாரை?

புது ஃபிராக் போட்ட பெண் குழந்தை ஒன்று கார்க் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.

பியூலா புருஷன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு?"