ஒரே கலப்பையில் இரண்டு வீட்டுக் குதிரைகள்

குளிர் மிகுந்த எங்கள் ஸ்மோலாந்துப் பக்கத்தில் புல் மண்டிய நிலத்தை ஒற்றைக் குதிரையால் உழ முடியாது. மண்ணைவிடக் கல் அதிகம். இரண்டு குதிரைகளுக்குத் தீனி போடும் வசதியும் சிறு பண்ணைக்காரர்களுக்கு இல்லை. அதனால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் குதிரைகளை ஒரே கலப்பையில் பூட்டி, ஒருவர் வயலை முடித்துவிட்டு மற்றவர் வயலுக்குப் போவார்கள். எலோஃபும் ஆல்பினும் அப்படித்தான். ஒரு வருடம் இவர் முதலில், மறுவருடம் அவர் முதலில்.

இந்த வருடம் ஆல்பினின் முறை. எலோஃபுக்கு அதுதான் வினையாகிவிட்டது.

ஆல்பின் ஐம்பதைத் தாண்டியவர், கலியாணம் செய்துகொள்ளாதவர், எதிலும் அவசரப்படாதவர். கொழு கல்லில் முட்டினால் மற்றவர்கள் கலப்பையைத் தூக்கித் தள்ளி வைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆல்பின் குதிரைகளை நிறுத்திவிட்டுக் கடப்பாரையை எடுப்பார். கல்லைச் சுற்றித் தோண்டி, சங்கிலி போட்டு இழுத்து, வரப்புச் சுவரில் சேர்த்த பிறகுதான் மறுபடி மேழியைத் தொடுவார்.

நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர் திருநாள் போய் ஒரு வாரமாகிவிட்டது. வானம் தெளிந்து வடகாற்று வீசத் தொடங்கியிருந்தது. எலோஃபின் வயலில் இன்னும் ஒரு சால்கூட விழவில்லை. நிலம் உறைவதற்குள் புல்லைப் புரட்டிப் போடாவிட்டால் வசந்தத்தில் ஓட்ஸ் விதைக்க முடியாது. தீனிக்கு ஓட்ஸ் இல்லையென்றால் குதிரையை விற்க வேண்டும். குதிரை போனால் பண்ணையும் போன மாதிரிதான்.

வியாழக்கிழமை கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கல் தட்டுப்பட்டது. மதியம் கடந்தும் ஆல்பின் அதன் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தார்.

"விட்டுத் தொலைங்கண்ணே. சுத்திப் போயிடலாம்."

"பாதி வந்துருச்சுப்பா."

"காலையிலேர்ந்து பாதியிலேயேதான் நிக்குது. பேசாம ஞானஸ்நானம் குடுத்து வீட்டோட வெச்சுக்குங்க."

ஆல்பின் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எலோஃபால் தாங்க முடியவில்லை. தன் குதிரையை அவிழ்த்துக்கொண்டு நடந்தான். ஆல்பின் கல்லைத் தோண்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து ஒற்றைக் குதிரையைத் தன் பழைய கலப்பையில் பூட்டினான். நாலடிக்கு ஒரு முறை கலப்பை துள்ளி வெளியே வந்தது. மேழி விலாவில் இடித்தது. மூன்று சால் ஓட்டியபோது நிலம் பன்றி கிளறியதுபோல் இருந்தது. குதிரை கால் நடுங்க நின்றது. அதைத் திட்டினான். காப்பி கொண்டுவந்த மனைவி தீராவையும் திட்டினான். போய் ஆல்பினிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள் அவள். முடியாது என்றான்.

"அப்ப இந்தக் குதிரைகிட்டயாச்சும் கேளுங்க. அது என்ன பாவம் பண்ணிச்சு?"

அன்று சாப்பாட்டு ஜெபத்தில், இன்னும் இரண்டு நாள் நிலம் உறையாமல் இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டான். வேண்டுதலைவிடக் கோபமே அதில் அதிகம் இருந்தது.

மறுநாள் காலையில் முற்றத்துச் சேறு உறைந்து கல்லாகிக் கிடந்தது. சரிவில் வெயில் ஏறும் நேரத்துக்கு ஆல்பின் தன் பெண்குதிரையோடு வந்து சேர்ந்தார். பின்னால் சறுக்குவண்டியில் கலப்பை.

"என்னோடது வடக்குப் பாத்த நிலம், இரும்பாயிடுச்சு," என்றார். "உன் சரிவு வெயில்ல கிடக்கு. சாயங்காலம் வரைக்கும் கொழு எறங்கும்."

"உங்க வயல்ல மிச்சம் கிடக்குதேண்ணே. நேத்து நான் போகாம இருந்திருந்தா..."

"கிடந்துட்டுப் போகுது. எனக்கு ஒரு வயிறு. உனக்கு வீட்டுல அஞ்சு. போய்ச் சேணத்தைக் கொண்டா."

கல் வரத்தான் செய்தது. கொழு முட்டும்போதெல்லாம் ஆல்பினின் கை தானாகக் கடப்பாரைப் பக்கம் போகும், பிறகு திரும்பி வரும். ஒரு முறைகூட அவர் குதிரைகளை நிறுத்தவில்லை. கலப்பையைத் தூக்கி வைத்து ஓட்டிக்கொண்டே போனார். எலோஃப் அதைப் பார்த்தான். இரண்டு நாள் கேட்டவனுக்குக் கடவுள் ஒரு பகலைத்தான் கொடுத்தார். அதையும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிக் கொடுத்தார்.

பொழுது சாயும்போது கொழு தேவாலயத்துக் கல்தரையில் உரசுவதுபோல் கீறியது. பிறகு இறங்கவே மறுத்தது. கீழ்க்கோடியில் ஒரு துண்டு புல்லாகவே நின்றுவிட்டது. எலோஃப் வெறுப்போடு கட்டியை உதைத்தான். கால்தான் வலித்தது.

ஓட்ஸுக்கு இவ்வளவு போதும் என்றார் ஆல்பின்.

இரண்டு குதிரைகள் மேலும் ஆவி பறந்தது. வேர்த்த உடம்போடு குளிரில் நின்றால் குதிரைக்கு நெஞ்சு பிடித்துக்கொள்ளும். எலோஃபிடம் கம்பளிப் போர்வை ஒன்றுதான் இருந்தது. அதைக் கொண்டுவந்து ஆல்பினின் குதிரைமேல் போட்டு, வயிற்றுக்கு அடியில் வாரை இறுக்கிக் கட்டினான். காலையிலிருந்து கேட்க நினைத்த மன்னிப்பு அப்போதும் வாய்க்கு வரவில்லை.

"அப்ப உன்னோடதுக்கு?" என்றார் ஆல்பின்.

"இதுக்கு லாயம் பக்கத்துலதான். உங்களுதுக்குத்தான் தூரம்."

ஆல்பின் தலையாட்டிவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்து நடந்தார். எலோஃப் தன் குதிரையை லாயத்துக்குள் கொண்டுபோய், வைக்கோலை முறுக்கி, அதன் முதுகை உலரும்வரை தேய்க்கத் தொடங்கினான்.