டம்மி அனுப்பிய ராஜினாமா

கிருபாசங்கரின் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் முதலாளி கோவிந்தராஜுலுவின் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. காந்திபுரத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்று, "எங்கிட்டப் பத்திரமா இருக்கட்டுங்க கண்ணு" என்று சிரித்தபடி வாங்கிப் பூட்டியவர் அவர். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரிஜினல்களோடு வந்து சேரச் சொல்லியிருந்தது. இன்று வியாழன். அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. திட்டுகிற முதலாளி என்றால் சண்டை போட்டாவது கேட்டிருப்பான். இவரோ டீ வரவழைத்துக் கொடுத்து, "சாப்ட்டீங்களா தம்பி?" என்று விசாரிக்கிறவர்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது, ஒரு பம்பு செட் கம்பெனியின் டீலர்களுக்குத் தானாக ஈமெயில் அனுப்பும் புரோகிராம். ஆபீசில் இருந்தது ஒரே போன் லைன். மோடத்தைப் போட்டால் வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. அதனால் மாலை வகுப்பில் கற்றுக்கொண்ட வழியைப் பிடித்தான். நிஜமாக அனுப்பும் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டம்மியை வைத்தான். அது எதையும் அனுப்பாது. யாருக்கு, என்ன, எத்தனை தடவை என்று குறித்துக்கொண்டு, 'அனுப்பியாச்சு' என்று மட்டும் சொல்லும். குறிப்பு சரியாக இருந்தால் புரோகிராமும் சரி.

முதல் மூன்று சோதனைகளுக்கு விலைப்பட்டியலைக் கடிதமாகக் கொடுத்தான். நான்காவதற்கு, எங்கும் போகப்போவதில்லை என்ற தைரியத்தில், தன் ராஜினாமாவை ஆங்கிலத்தில் எழுதினான். பெறுநர், கோவிந்தராஜுலு. ஓட்டினான். அனுப்பியாச்சு. ஒரு சொல் கடுமையோ என்று தோன்றியது. மாற்றி எழுதி மறுபடி ஓட்டினான். இப்போது ரொம்பக் குழைவதாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை அதையே திருத்திக்கொண்டிருந்தபோது, நாற்காலிக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்க தம்பி, ராஜினாமாங்களா?"

இதோ, அவரே கேட்டுவிட்டார். 'ஆமாங்க' என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தான்.

"டெஸ்டுக்குத்தானுங்களே?" என்றார் கோவிந்தராஜுலு. அவர் பார்வை திரையை விட்டு அவன் முகத்தில் வந்து நின்றது.

"ஆமாங்க. டெஸ்டுக்குத்தானுங்க."

"பாருங்க, நான் பயந்தே போய்ட்டனுங்க! நெசம் மாதிரியே எழுதிப்போட்டீங்க. திங்கக்கெழம பத்து மணிக்குப் பம்பு செட் மாரப்பண்ணன் பாக்க வாராரு. இதையே ஓட்டிக் காட்டுங்க. வெலப்பட்டியலக் காட்டுனா மனுசன் தூங்கிப்போடுவாரு."

சனிக்கிழமை இரண்டு தடவை அவர் அறை வாசலில் போய் நின்றான். இரண்டு தடவையும் "என்னங்க கண்ணு?" என்றார். இரண்டு தடவையும் "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பினான்.

திங்கட்கிழமை வந்த மாரப்பன், கண்ணாடியைக் கொண்டு வரவில்லை. "இங்கிலீசு நமக்கு ஆகாது. தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார்.

பக்கத்தில் முதலாளி கை கட்டி நின்றார். கிருபாசங்கர் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"இன்னையோட நான் வேலையிலிருந்து நின்னுக்கறேனுங்க. என்ர சர்டிபிகேட்டெல்லாம் இன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க."

மாரப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, அழுகையே வந்துரும்போல படிக்கறாரு! ஏனுங்க கோவிந்தராஜுலு, இது இப்ப உங்களுக்கு வந்துருச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. இது டம்மிங்க. எங்கயும் போகாதுங்க."

"அப்ப தம்பியும் எங்கயும் போக மாட்டாரு!"

கோவிந்தராஜுலுவும் சிரித்தார். அடுத்து சிரிக்க வேண்டியவன் தான்தான் என்று கிருபாசங்கருக்குப் புரிந்தது. சிரித்தான்.

"இன்னொருக்கா அனுப்புங்க, பாக்கலாம்" என்றார் மாரப்பன்.

மணி பத்தரை. கிருபாசங்கர் விசையைத் தட்டினான்.