விழுவதற்கு முந்தைய நொடி

“ஏணி வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர்.”

மாமாவை அவசரப் பிரிவில் இறக்கியதும் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். டாக்டர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். விழும் முன் மயக்கம் ஏதும் வந்ததா என்று அவர் கேட்டபோதும், இல்லையென்று நானே தலையாட்டினேன். மாமாவுக்கு ஏணியில் ஏறியது வரைதான் ஞாபகம் இருந்தது. தலையில் அடிபட்ட அதிர்ச்சியில் மறந்திருக்கும் என்றார்கள். ஸ்கேனில் கோளாறு இல்லை. இதயத் துடிப்பை ஒருமுறை பதிவு செய்து பார்த்ததில் அதுவும் சரியாகவே இருந்தது. இடது மணிக்கட்டு மட்டும் நொறுங்கிப்போயிருந்தது. மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய நேரம் குறித்துவிட்டார்கள்.

அலுவலகத்திலிருந்து நேராக ஓடிவந்த என் கணவர் மூச்சுவிடக்கூட நிற்கவில்லை.

“யாரு அப்பாவை ஏணியில ஏத்தினது?”

“நான்தாண்டா,” என்றார் அத்தை. முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி விரல்கள் வெளுத்திருந்தன. “பாத்ரூம் பல்பு எரியலைன்னு ரெண்டு நாளா அவர் உயிரை வாங்கினேன். என்னாலதான் விழுந்தாரு.”

“எழுபது வயசு மனுஷனை ஏறச் சொல்லியிருக்கியே, உனக்கு அறிவு வேண்டாமாம்மா?” என்று வெடித்தவர் என் பக்கம் திரும்பினார். “நீ எங்க இருந்தே?”

“பக்கத்து ரூம்ல.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பக்கத்து அறையில் இருந்தவள் எதைப் பார்த்தேன்? தடாலென்று சத்தம் கேட்டது. ஓடிவந்தபோது மாமா தரையில் கிடந்தார். அவர் கால்மேல் ஏணி கிடந்தது. வழுக்கியதை நான் பார்க்கவே இல்லை. இரண்டையும் சேர்த்து நானாக ஒரு காரணத்தைத் தைத்துவிட்டேன்.

இந்தத் தவற்றை மற்றவர்கள் செய்வதைக் குறித்து வைப்பதுதான் ஏழு வருடங்களாக என் வேலை. பல்கலைக்கழகத்தில் எங்கள் மொழி உளவியல் துறையில் சின்னச் சின்னப் படங்களைப் பல மொழிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவோம். மேசை ஓரத்தில் கோப்பை. ஒருவர் கை நீட்டுகிறார். கோப்பை தரையில் சிதறுகிறது. ஒருவர் ‘அந்த ஆள் உடைச்சிட்டாரு’ என்பார். இன்னொருவர் ‘கை தவறி உடைஞ்சுபோச்சு’ என்பார். சொல்லும் விதத்தைப் பொறுத்து ஞாபகமும் மாறும். சில படங்களில் கை படும் நொடியையே வெட்டிவிடுவோம். அப்போதும் கை பட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. அதனால் ‘ஏன்’, ‘யாரால்’ என்ற கேள்விகளை நாங்கள் கேட்பதே இல்லை. கேட்டால், இல்லாத காரணத்தையும் மனம் தேடிப்பிடித்துக் கொடுத்துவிடும்.

நர்ஸ் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க சார். பத்து நிமிஷத்துல உள்ளே கொண்டு போயிடுவோம்.”

கணவர் பேனாவை எடுத்தார். நான் அத்தையின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தேன்.

“அத்தை, கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்ல? என்னாலதானே...”

“யாராலங்கிறது இப்போ வேண்டாம். மாமா தரையில கிடந்தாரு. அதுக்கு முன்னாடி?”

“ஏணி சாஞ்சுது.”

“அதுக்கு முன்னாடி?”

“உன் ஆராய்ச்சியை இங்கயும் ஆரம்பிச்சிட்டியா?” கணவரின் குரல் உயர்ந்தது. “எங்கம்மா ஏற்கெனவே நொந்துபோயிருக்காங்க.”

“ரெண்டு நிமிஷம் வாயை மூடுங்க.”

கல்யாணமாகி ஆறு வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேனா நின்றது.

அத்தை கண்களை மூடிக்கொண்டார். “பல்பு உடைஞ்ச சத்தம். கண்ணாடி என் கால்கிட்ட வந்து தெறிச்சுது. ‘புது பல்பைப் போட்டு உடைச்சிட்டீங்களே’ன்னு கத்தினேன்.”

“அப்போ மாமா எங்க இருந்தாரு?”

“மேலதான். ஏணியில.”

“ஏணி?”

“அசையாம நின்னுச்சு.” கண் திறந்தது. “பதிலே சொல்லலை அவரு. ஒண்ணு சொன்னா பத்து திருப்பிச் சொல்ற வாய் அது! கோவத்துல இருக்காரோன்னு நினைச்சேன். தலை இப்படித் தொங்கிச்சு. அதுக்கப்புறம்தான் கால் மடங்கி...”

நான் எழுந்து ஓடினேன். வார்டு காலியாக இருந்தது. கையெழுத்து பின்னாலேயே வந்துவிடும் என்று படுக்கையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில், அறுவை அறைக் கதவருகில் டாக்டரைப் பிடித்தேன்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன் டாக்டர். ஏணி வழுக்கினதை நான் பார்க்கலை. விழுந்து மயங்கலை அவரு. மயங்கித்தான் விழுந்திருக்காரு.”

“அப்போ மயக்கமே இல்லைன்னீங்களே?”

“தெரியாமச் சொன்னது. பார்த்தவங்க எங்க அத்தைதான்.”

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அத்தையிடம் டாக்டர் இரண்டே கேள்விகள் கேட்டார். பிறகு, மயக்க மருந்து ஏற்ற வந்தவரைக் கைகாட்டி நிறுத்தினார். மாமாவின் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடியது.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. ஒன்றுமில்லை. மயக்க மருந்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சந்திக்க எனக்குத் தெம்பில்லை. காத்திருக்கவைத்து, நொறுங்கிய கையோடு மாமாவை வதைக்கிறேனோ?

“இந்தப் போர்வை என்ன, சாக்கு மாதிரி குத்து...” என்று முணுமுணுத்த மாமா பாதியில் நின்றார். கண்கள் மேலே செருகின.

பச்சைக் கோடு நேராக ஓடியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அத்தையின் நகங்கள் என் கையில் இறங்கின. ஐந்து.

கோடு துள்ளியது.

“என்ன, எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறீங்க?” என்றார் மாமா.

டாக்டர் மூச்சை விட்டார். “இதயம் நடுநடுவுல சில நொடி நின்னுபோகுது. கை அப்புறம். முதல்ல பேஸ்மேக்கர் வைக்கணும். இது தெரியாம மயக்க மருந்து கொடுத்திருந்தா...” முடிக்காமல் ஃபோனை எடுத்தார்.

கணவர் தன் அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். “உன்னால இல்லம்மா. என்னென்னவோ பேசிட்டேன்.”

“இருந்தாலும் ஏறச் சொன்னது நான்தானேடா,” என்றார் அத்தை.

நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கமாக அத்தையைத் தாங்கிப்பிடித்து, மாமாவின் தலைமாட்டில் உட்கார வைத்தோம்.