நோலீனுக்கு எந்தத் துப்பாக்கி?

1

இது ஒரு பக்கக் குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. இரவில் முயல் சுட எந்தத் துப்பாக்கி வாங்கலாம், அதன்மேல் குறிபார்க்க எந்த ஸ்கோப்பைப் பூட்டலாம் என்று பக்கத்துப் பண்ணை நோலீன் கேட்டாள். ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று கடையில் வைத்து வாக்குக் கொடுத்தேன். அது மே மாதம். இப்போது ஆகஸ்டு முடியப்போகிறது, உலகின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு அது குளிர்காலத்தின் முடிவு, மேட்டு நிலத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டது. இது ஏழாவது தாள்.

முதல் தாளின் முதல் வரி இப்படி:

"இரவில் முயல் சுடச் சின்னக் குழல் துப்பாக்கியே போதும், ஏனென்றால் —"

அந்த 'ஏனென்றா'லுக்குப் பிறகு எழுத எனக்கு ஐம்பது வருட விஷயம் இருக்கிறது. ஆனாலும் கை நின்றுவிட்டது. இரண்டாவது தாள்:

"எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கில் முயல்களை —"

ஒழித்து வந்திருக்கிறது என்று எழுதப் போனேன். ஜன்னலுக்கு வெளியே பகலிலேயே பதினோரு முயல் மேய்ந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது.

மூன்றாவது தாளில், "ஒரு மனிதர் கடைக் கவுண்டரில் நிற்கிறார்" என்று எழுதினேன். அது ஓடியது. ஏன் ஓடியது என்று தெரியவில்லை. நான் கதை எழுதுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் தங்களைப் பற்றி எழுதிக்கொண்டதும் இல்லை, அது மரியாதைக் குறைவு. அதனால் அந்த மனிதருக்கு என் தாத்தாவின் பெயரை வைத்தேன்: ஸ்ட்ரூவன் கால்பிரெய்த். மற்றவர்கள் பெயர் அப்படியே இருக்கிறது.

2

ஸ்ட்ரூவனுக்கு வயது எழுபத்து மூன்று. முதுகு இன்னும் வளையவில்லை. கடைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்பவர். அன்று மகள் ஃபெனெல்லாவும் கூட இருந்தாள். பண்ணையை இப்போது நடத்துபவள் அவள்தான், வேலிக் கம்பிக்கு ஆணி வாங்க வந்திருந்தாள். கடைக்காரர் ரஸ் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். சேற்றுக் காலணியோடு நோலீன் உள்ளே வந்தாள்.

"அடடே, வாத்தியாரே இங்க இருக்காரு! நல்ல வேளை, ஸ்ட்ரூவன். இந்த ரஸ் என் தலையில எதையாவது கட்டிருப்பான். முயலுக்கு ஒரு துப்பாக்கி வேணும், ராத்திரிக்கு. நீ சொல்லு, எது எடுக்கலாம்?"

"உனக்கெதுக்கு துப்பாக்கி? அதான் டேன் வந்து சுட்டுக் குடுக்கிறானே."

[இதை அவர் சொல்லியிருப்பாரா? டேனை நோலீன் துரத்திவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். பள்ளத்தாக்குக்கே தெரியும். மூன்று முறை இந்த வரியை அடித்தேன். ஆனால் சொன்னார். சொல்லக்கூடாத பெயர்தான் முதலில் வாயில் வந்தது.]

"டேனா?" நோலீனின் முகம் மாறியது. "என் டெஸ்ஸைச் சுட்டவனை மறுபடியும் கேட்டுக்குள்ள விடுவேன்னு நினைச்சியா?"

டேன் கூலிக்கு முயல் சுடுகிறவன். பண்ணை பண்ணையாக இரவில் போய்ச் சுட்டுத் தருவான். டெஸ், நோலீனின் நாய். குரைத்தே ஆடு ஓட்டும் நாய்கள் உண்டு. டெஸ் அந்த வகை இல்லை. சத்தமே போடாது. வயிறு தரையில் பட அப்படியே பதுங்கி, கண்ணாலேயே முந்நூறு ஆட்டை மடக்கும். ஏப்ரலில் ஒரு காலை, மார்பில் சின்னக் குண்டோடு நோலீன் வீட்டு வாசலில் செத்துக் கிடந்தது. முந்தின இரவு டேன் மூன்று பண்ணை தள்ளித் துப்பாக்கியோடு இருந்தான். வேறு யாரை நினைப்பார்கள்? நோலீன் முதலில் அவனை நிறுத்தினாள். பிறகு மற்ற பண்ணைகளும் நிறுத்திவிட்டன.

"அவன் நான் இல்லவே இல்லங்கிறான்," என்றார் ரஸ். "'என் ஸ்கோப்புல உடம்புச் சூடு தெரியும், நாய் நாயாத்தான் தெரியும், முயலாத் தெரியாது'ன்னு சத்தியம் பண்றான்."

"சுட்டவன் வேற என்ன சொல்வான்? அன்னிக்குக் கூண்டுக் கதவை நான் சரியாச் சாத்தல. என் தப்பு. அதை நான் ஊரறிய ஒத்துக்கறேன்ல? அவனுக்கு மட்டும் வாய் வலிக்குதா?"

ஸ்ட்ரூவன் தொப்பியை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார்.

ரஸ் கவுண்டரில் ரப்பர் விரிப்பைப் போட்டு இரண்டு துப்பாக்கியை வைத்தார். ஒன்று இருபத்திரண்டு, இன்னொன்று பதினேழு. எங்கள் பக்கம் குழலின் அளவைச் சொன்னால் துப்பாக்கியைச் சொன்ன மாதிரி. பக்கத்தில் ஸ்கோப்புகள்: சாதாரணக் கண்ணாடி ஒன்று, இருட்டில் படம் காட்டுவது ஒன்று, உடம்புச் சூட்டைக் காட்டுவது ஒன்று.

"சூடு காட்டுறதையே எடுங்க ஆன்ட்டி," என்றாள் ஃபெனெல்லா. "போன வருசமே நான் எங்க வீட்டுக்கு வாங்கலாம்னு தலைகீழா நின்னேன். அப்பா விட்டாத்தானே."

"எங்க வீட்ல டிவி பாத்துச் சுடற பழக்கம் இல்ல," என்றார் ஸ்ட்ரூவன். இதைப் போன வருடமும் இதே சொற்களில் சொல்லியிருந்தார்.

"அவருக்கு எதுக்கு டிவி?" என்றாள் நோலீன். "கால்பிரெய்த் வீட்டுக் குண்டு வீணாப் போனதில்லன்னு என் மாமனாரே சொல்வாரு. நான் அப்படியா? குருட்டாம்போக்குல சுடறவ. சொல்லு ஸ்ட்ரூவன், நீ எதைக் கை காட்டறியோ அதான்."

அவர் வாயைத் திறந்தார். நான்கு பேர் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.*

"எழுதித் தர்றேன்."

"எதை?"

"ஒரு பக்கம். நிதானமா யோசிச்சு எழுதித் தர்றேன்."

"துப்பாக்கி வாங்கவா, உயில் எழுதவா?" என்று நோலீன் சிரித்தாள். ரஸ்ஸும் சிரித்தார். ஃபெனெல்லா ஆணிப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

(* எண்ணிப் பார்த்தால் மூன்று பேர்தான். நான்காவது யார் என்று யோசித்தேன். அடிக்காமல் விடுகிறேன்.)

3

கடைக் காட்சிக்கு முன்னால் ஒரு காட்சி வர வேண்டும். அதை எழுதாமல் ஐந்து தாள் ஓட்டினேன்.

ஏப்ரல். உறைபனி இன்னும் விழாத இரவு. ஸ்ட்ரூவன் பிக்கப் வண்டியை நோலீன் நிலத்தின் வேலிக்கு இப்பால் நிறுத்தினார். கூரைமேல் விளக்கு, கையில் அவர் அப்பாவின் இருபத்திரண்டு, அதன்மேல் சாதாரணக் கண்ணாடி ஸ்கோப். விளக்கை மெல்லத் திருப்பினார். இரண்டு கண்கள் மின்னின. தரையோடு தரையாக, அசையாமல், முயல் உயரத்தில்.

முயலின் கண் விளக்கொளியில் தணல் மாதிரி சிவப்பாக இருக்கும். நாயின் கண் பச்சை. எழுத்துப் படிக்கத் தெரிவதற்கு முன்பே ஸ்ட்ரூவனுக்கு இது தெரியும். ஆனால் இரண்டு வருடமாக எல்லாக் கண்ணும் அவருக்கு ஒரே நிறம். பழைய சோப்பின் மஞ்சள். கண்ணில் புரை. மருத்துவரிடம் போகவில்லை, போனால் ஊருக்குத் தெரியும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு, உயரத்தை வைத்தும் அசையாமையை வைத்தும் கணக்குப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். அது பலித்தும் வந்தது.

அசையாமல் தரையோடு கிடந்து வேலிக்கு இந்தப் பக்கத்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிராணி —

[இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை.]

சுட்டார். கண்கள் அணைந்தன. நடந்துபோய்ப் பார்த்தார். முயல் இல்லை, ரத்தமும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தவறிவிட்டது என்று நினைத்தார். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தார். வாழ்க்கையில் வேலியோரம் நின்று தவறவிட்ட முதல் முயல் என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஃபெனெல்லா சமையலறையில் இருந்தாள்.

"சுட்டீங்களாப்பா? ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"இல்ல. ஒண்ணும் கண்ல படல."

ஒரு தவறிய குண்டை மறைக்கச் சொன்ன பொய். அப்போது அது அந்த அளவுக்குத்தான் இருந்தது. காலையில் நோலீன் போன் செய்து அழுதபோது, அந்தப் பொய் ஏற்கெனவே தயாராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

4

துப்பாக்கியை ஃபெனெல்லாதான் துடைப்பாள். மறுநாள் துடைக்கும்போது உள்ளே ஒரு காலித் தோட்டா மாட்டியிருந்திருக்கிறது. சுட்டதும் போல்ட்டை இழுத்து அதை வெளியே தள்ளுவது ஸ்ட்ரூவனின் கை தானாகச் செய்யும் வேலை. அன்று செய்யவில்லை. அதைவிட ஒன்று: அது அவளுடைய தோட்டா. வீட்டோரம் ஆடு மிரளாமல் சுட அவள் வாங்கி வைத்திருந்த மெதுவான, சத்தம் குறைந்த வகை. அவருடையது வேகமானது, ஸ்கோப்பையும் அதற்கேற்றபடிதான் திருகி வைத்திருந்தார். மெதுவானது தொண்ணூறு மீட்டர் போவதற்குள் இன்னும் ஒரு கை அகலம் தாழ்ந்துவிடும். இருட்டில் கோட்டுப் பையை மாற்றி எடுத்துப் போட்டிருக்கிறார்.

இதை எழுதும்போது ஒரு கணம் தெம்பு வந்தது. ஒரு கை அகலம் தாழ்ந்தால் குண்டு மண்ணில்தானே புதைந்திருக்கும்? அப்படியென்றால் நாயைச் சுட்டது — பிறகு புரிந்தது. முயலாக இருந்தால் மண். பதுங்கிய நாயாக இருந்தால் மார்பு. தலையில் பட்டிருந்தால் டெஸ் அங்கேயே விழுந்திருக்கும், யார் வேலி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தாழ்ந்ததால் வீடுவரை நடந்து போனது.

ஃபெனெல்லா அந்தக் காலித் தோட்டாவைச் சமையலறை ஜன்னல் விளிம்பில், பாத்திரம் துலக்கும் இடத்துக்கு மேலே வைத்தாள். "பால் தீந்துபோச்சுப்பா" என்றாள். நாலு மாதமாக அது அங்கேயே இருக்கிறது. அதைச் சுற்றித்தான் துடைக்கிறாள்.

நேற்று, நான் மேசையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்:

"இன்னுமா அந்த ஒரு பக்கம்?"

"யோசிச்சு எழுத வேண்டியிருக்கு."

"துப்பாக்கியப் பத்தி மட்டும்னா அஞ்சு நிமிச வேலைப்பா. டேன் வண்டிய விக்கப் போறானாம். சீக்கிரம் எழுதுங்க."

[இங்கே 'நான்' என்று வந்துவிட்டது. 'ஸ்ட்ரூவன்' என்று திருத்தப் போனேன். பேனாவில் மை இருக்கிறது. திருத்தவில்லை.]

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. குண்டு பாறையில் பட்டுத் தெறித்துப் போனது. யார்மேலும் குற்றமில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. எங்கள் நிலம் முழுக்கப் பாறைதான், இருபத்திரண்டு குண்டு தெறிக்கிற சாதிதான். ஈயம் உரசிய பாறை ஏதாவது கிடைக்குமா என்று போன வாரம் ஸ்ட்ரூவன் கைத்தடியோடு அந்த வேலியோரம் அரை நாள் நடந்தார். அந்த நேர்கோட்டில் பாறையே இல்லை. புல்தான்.

ஆ. ஸ்ட்ரூவன் நல்ல ஆலோசனை எழுதித் தருகிறார். நோலீன் வாங்குகிறாள். டேன் வண்டியை விற்றுவிட்டு வடக்கே எங்கோ போகிறான். காலம் ஓடுகிறது. ஸ்ட்ரூவன் செத்ததும், 'குண்டு தவறாத மனிதர்' என்று தேவாலயத்தில் யாரோ பேசுகிறார்கள். இதை முற்றுப்புள்ளிவரை எழுதினேன். வாக்கியங்கள் நன்றாக வந்திருந்தன. காலையில் படித்தபோது தாளைத் தொடப் பிடிக்கவில்லை.

இ. கடையில், எல்லார் முன்னாலும், "டேன் இல்ல, நோலீன். நான்" என்கிறார். நல்ல முடிவு. ஆனால் அவர் சொல்லவில்லை. ரஸ்ஸைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஈ. ஃபெனெல்லா சொல்லிவிடுகிறாள் —

கூடாது. குடும்ப மானம் என்று வாழ்நாளெல்லாம் பேசியவன், அதைத் துடைக்கிற வேலையையும் மகள் தலையில் போடுவதா?

மானம் என்றால் என்ன என்பதில்தான் குழப்பம். அப்பா இருந்தால் எது சரி என்பார்? 'பெயரைக் காப்பாற்று' என்பார். எந்தப் பெயரை? வேறொருவன் பெயரைக் கொடுத்து வாங்கிய பெயரையா? அவரிடம் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. அல்லது எழுந்து, யாரோ ஒருவர் இப்படி மேசையில் உட்கார்ந்து கிழித்துப் போட்டிருக்கலாம். அதுவும் எனக்கு எப்படித் தெரியும்?

6

வாக்குக் கொடுத்த பக்கம் இதோ.

பதினேழு வாங்கு. உன் நிலத்தில் எங்களுடையதைவிடக் கல் அதிகம். பதினேழின் குண்டு பட்ட இடத்திலேயே பொடிந்துவிடும், தெறித்து அலையாது. காற்றடித்தால் விலகும், அந்த இரவுகளில் வீட்டில் இரு. சைலன்சர் போட்டுக்கொள், உன் ஆடுகளுக்காக.

தோட்டா ஒரே வகை வை. வேறு வகை எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்கோப்பை எந்தத் தோட்டாவுக்குத் திருகினாயோ அதைத் தவிர வேறெதுவும் கோட்டுப் பையில் இருக்கக் கூடாது.

ஸ்கோப், சூடு காட்டுவது. டேன் சொன்னது சரி. போன மாதம் ரஸ்ஸிடம் ஒன்றை இரவலாக வாங்கி எங்கள் நாய்க்கூண்டைப் பார்த்தேன். காது, வால், பதுங்கும்போது முன்காலை மடிக்கிற விதம், எல்லாம் தெரிகிறது. நாய் நாயாகத்தான் தெரிகிறது. புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிறது. டிவி என்று நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதே.

அதில் பார்த்தும் சந்தேகமாக இருந்தால் சுடாதே. முயல் நாளைக்கும் வரும்.

7

இத்துடன் கதையை முடித்திருக்கலாம். ஆனால் நோலீன், மேலே ஸ்ட்ரூவன் என்று எழுதிய இடத்திலெல்லாம் நான்தான். தாத்தாவின் பெயரை இதற்கு இழுத்தது இன்னொரு தப்பு. டேனிடம் அந்தப் பெயர் செல்லாது. இந்த உறையை உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் போகிறேன், வண்டியை யாரும் வாங்கிவிடுவதற்கு முன்னால். பிறகு ரஸ் கடைக்கு. மூன்று பேராவது இருக்கிற நேரம் பார்த்து.

உறைக்குள் ஒரு காலித் தோட்டா இருக்கும். ஜன்னலிலிருந்து நான் எடுத்தபோது ஃபெனெல்லா பார்த்தாள். துணியை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தாள்.

கூண்டுக் கதவைப் பற்றி இனி நினைக்காதே. நாய் ஒரு இரவு வெளியே போனால் காலையில் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் இருந்திருக்க வேண்டியது.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்பதுதான் முடிவு. அதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நீ எங்கள் கேட்டுவரை வந்து கத்தினாய். ஒன்றில் வரவே இல்லை. ஒன்றில் பதினேழை வாங்கிக்கொண்டு வந்து குறிவைத்துக் காட்டச் சொன்னாய். ஒன்றில் வேலிக்கு அப்பால் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் கடைசி வரிக்கு வரும்போது நான்கிலும் என்னை மன்னித்துவிட்டாய். எழுதியது நான் என்பதால்.

நான்கையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.