பதினோராம் நாள் சிலந்தி

கோட்டைக்குள் அந்தத் தெருவில் கிருஷ்ணவேணி வீட்டைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. ஊறுகாய் ஜாடி இருக்க வேண்டிய அலமாரியில் வரிசையாக ஸ்பிரிட் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி. காலேஜில் விலங்கியல் டீச்சர் என்பதால் தெரு அவளை மன்னித்திருந்தது. ஆனால் அவள் புருஷன் மஹேஷ் பாங்கு மேனேஜரல்லவா? அவனும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த வீட்டில் நாகருக்கென்று விட்டிருந்த தோப்பான சர்ப்பக்காவில் குந்தி, சருகு சலிக்க ஆரம்பித்துவிட்டான்.

காவில் விழுந்த இலையைக் கூட்டக் கூடாது என்பது இங்கத்து வழக்கம். எந்தக் காலத்துச் சருகோ, அடியில் மண்ணாகி மேலே சலசலத்துக்கொண்டு கிடந்தது. அதற்குள்ளிருந்துதான் எள்ளில் பாதி இருக்கும் அந்த ஆறு கண் சிலந்தியை எடுத்தான். ஆண். உலகத்தில் இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று பெண்டாட்டி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னதும், தெருவுக்கே பாயசம் கொடுத்தான். பேரன் பிறந்தவர்கள்கூட அந்தத் தெருவில் அத்தனை முந்திரி போட்டதில்லை.

அது ஆகஸ்ட். செப்டம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

அந்தச் சிலந்திக்கு அவன் பெயரை வைத்துவிட வேண்டும். கிருஷ்ணவேணிக்கு அதற்கப்புறம் வேறு ஆசை என்று ஒன்றும் இல்லை. ஆய்விதழ்க்காரர்கள் தடை சொன்னார்கள்: ஆணை மட்டும் வைத்து இது எந்தக் குடும்பத்துக்காரன் என்று தீர்மானிக்க முடியாது, பெண்ணும் வேண்டும். நவம்பரில் சல்லடையும் வெள்ளைத் துணியுமாகக் காவுக்குப் போனாள். பூட்டிக் கிடந்த அந்த வீட்டை வாங்கியவர் அங்கே சிமென்ட் போட்டு, மேலே டைல்ஸும் பதித்துக் கார் நிறுத்தியிருந்தார்.

ஜனவரியில் அலமாரியை ஒழித்தபோது பின்வரிசையில் ஒரு குப்பி அகப்பட்டது. உள்ளே அதே சிலந்தி. பெண். ஸ்பிரிட்டில் மை கரையும் என்பதால் பென்சிலால் எழுதிய சீட்டு, மஹேஷின் சாய்ந்த கையெழுத்தில்: ‘சர்ப்பக்காவு, சருகு, செப்டம்பர் 17. சேகரித்தவர் மஹேஷ்.’

சீட்டைப் பற்றி அவளுக்கு ஆச்சரியமில்லை. நாலைந்து ஞாயிறுக்கான சீட்டுகளை மொத்தமாக எழுதி வைப்பது அவன் பழக்கம். ‘தேதியை முன்கூட்டி எழுதாதேங்கோ, பொய்யாயிடும்’ என்று எத்தனை தடவை சண்டை பிடித்திருக்கிறாள்! ஆனால் சீட்டோடு சிலந்தி எப்படி வந்தது? பதினேழாம் தேதி அவன் போன பதினோராம் நாள். பன்னிரண்டாம் நாள் சடங்கில்தான் போனவர் பித்ருக்களோடு சேர்வார், அதுவரைக்கும் வாசலையே சுற்றிக்கொண்டிருப்பார் என்று வாத்தியார் சொன்னதை அப்போது அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு லலிதாம்பாள் மாமியிடம் போனாள். மாமியின் ஜன்னல் காவுக்கு நேர் எதிர். அந்தத் தெருவில் ஒரு பூனை குட்டி போட்டாலும் தகப்பன் யாரென்று மாமிக்குத் தெரியும்.

“மாமி, பதினோராம் நாள் காவிலே யாராவது இருந்தாளா?”

மாமி சேனைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தினாள். “இத்தனை நாள் கழிச்சு எதுக்குடீ கேக்கறே?”

“இருந்தாளா, இல்லையா?”

“மத்தியானம். நீலக் கட்டம் போட்ட சட்டை. குந்திண்டு சலிச்சிண்டிருந்தது. மஹேஷுக்கு இன்னிக்கும் இதே வேலையான்னு நெனச்சேன். அப்புறம்தான் எனக்குச் சுரீர்னது.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“சொல்லலை.”

லலிதாம்பாள் ஒரு சங்கதியை நாலு மாசம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள் என்பதில்தான் கிருஷ்ணவேணிக்கு முதல்முதலாக உடம்பு சில்லிட்டது.

“நானா இருக்குமோ மாமி? அவர் சட்டையைப் போட்டுண்டு போயிருப்பேன். அந்தப் பத்துப் பதினஞ்சு நாள் எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை.”

“நீயா? நீ உள்ளே சுருண்டு கிடந்தே. உன் வாயிலே மோரைப் புகட்டிட்டு நேரா இங்கே வந்துதான் ஜன்னலைத் திறந்தேன்.” மாமி கத்தியைத் தட்டில் வைத்தாள். குரல் இறங்கியது. “இடது கையாலே சலிச்சிண்டிருந்தது, வேணி.”

மஹேஷ் இடக்கையன். பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு முழங்கை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

கிருஷ்ணவேணி இரண்டு வாரம் பெண் சிலந்தியை அளந்தாள், வரைந்தாள். காலில் எத்தனை முள், கண்ணுக்குக் கண் எவ்வளவு இடைவெளி, எல்லாம் எழுதினாள். கட்டுரையை அவளோடு சேர்ந்து எழுதிய ஸ்மிதாவுக்கும் அதே காலேஜில்தான் வேலை; மலையாளத்துப் பெண், எதையும் வரிவரியாகப் படிப்பவள். கடைசியாக அனுப்பும்முன் ஒரு தடவை வாசித்தாள்.

“சேச்சி, சமர்ப்பணத்துல மறைந்த மஹேஷ், செப்டம்பர் ஏழுன்னு இருக்கு. பெண் சிலந்தி பதினேழாம் தேதி கிடைச்சிருக்கு. எடிட்டர் பிடிச்சிருவாரு, கேட்டோ. நீங்க பிடிச்சதுன்னு எழுதிட்டா ஒரு பிரச்னையும் இல்ல.”

“நான் பிடிக்கலையே.”

“பின்ன யாரு?”

சேகரித்தவர் என்ற இடத்தில் கிருஷ்ணவேணி தன் பெயரை ஏற்கெனவே ஒரு தடவை அடித்துப் பார்த்து அழித்திருந்தாள். சீட்டில் இருப்பதை ஓர் எழுத்து மாற்றினாலும் பிள்ளைகளுக்கு மார்க் போடாதவள் அவள். அதே சமயம், தேதி இடிக்கிறது என்று அந்தப் பெண் சிலந்தியைத் தள்ளிவிட்டால் இனமும் இல்லை, பெயரும் இல்லை.

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். சீட்டில் இருந்ததை அப்படியே வைத்தாள். சமர்ப்பணத்துக்குப் போய் ‘மறைந்த’ என்பதை எடுத்தாள். இறந்த தேதியை எடுத்தாள்.

ஸ்மிதா மிச்சமிருந்த வரியைப் படித்தாள். காவில் சருகு சலிக்கும் மஹேஷுக்கு என்று இருந்தது. அவள் கை தன்னையறியாமல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

“இப்படியேவா சேச்சி?”

“இப்படியேதான். அனுப்பு.”