ஒன்பது குறை

குடிநீர் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கிண்டல் என்று யாரும் நினைப்பதில்லை, பதவிப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. காலையில் வரும் தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, வெதுவெதுப்பாகச் சூடாக்கி, மூடியைத் திறந்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். பாசி, மண், துரு, மருந்து, எது இருந்தாலும் குறை என்று தாளில் ஏறிவிடும். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம். அவருக்குத் தெரிந்து பூஜ்யத்தைவிட உசத்தி இந்த உலகத்தில் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக வாசனை சோப்பு போட்டதில்லை, வேலைநாளில் காப்பி குடித்ததில்லை, மதுவை எந்த நாளும் தொட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார் என்றால், அதற்குக் காரணம் மனைவியின் அண்ணன்.

நாலு வருடத்துக்கு முன்னால் மச்சான் புது வீடு கட்டி எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். மூக்கு தம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். “யாரும் இதைக் குடிக்காதீங்க. தொட்டியில ஏதோ செத்திருக்கு” என்று அறுபது பேர் காதில் விழும்படி சொன்னார். செத்திருந்தது உண்மைதான். ஒரு புறா. உண்மையாக இருந்ததால்தான் மச்சானுக்குக் கோபம் ஆறவே இல்லை.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மனைவியும் அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அதற்காக அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அண்ணனின் பிறந்தநாளன்று மட்டும் சாப்பிடாமல் சீக்கிரம் படுத்துவிடுவாள். அதற்குச் சண்டையே தேவலை என்று மூக்குக்குத் தோன்றும்.

இப்போது மச்சான் கப்பல் இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ‘ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாங்க’ என்று தங்கைக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ.

“அண்ணனுக்கு விஸ்கின்னா உயிர். சிங்கிள் மால்ட்ல நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாங்க” என்றாள். “அங்க போய் அதைக் கையில கொடுத்துட்டு வாயை மூடிட்டு இருங்க. இந்தத் தடவையும் கெடுத்தீங்கன்னா, எனக்கு அண்ணனே இல்லைன்னு நினைச்சுக்கறேன்.”

கடைக்காரர் மூன்று கிளாசில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி வைத்தார். மூக்கு முதல் கிளாசை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மறுகையால் மூடி, மெல்லத் திறந்து ஓர் இழுப்பு இழுத்தார். கடைக்காரர் நிமிர்ந்து நின்றார். இவ்வளவு விஷயம் தெரிந்த ஆள் அந்தக் கடைக்கு வந்து பல மாதம் ஆகியிருந்தது.

மூக்கு பையிலிருந்து நோட்டை எடுத்து ‘குறை: இரண்டு’ என்று எழுதினார். அடுத்ததற்கு நாலு. மூன்றாவதை முகர்ந்தவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஒன்பது என்று எழுதினார்.

“இதுல பீனால் கலந்திருக்குங்க, கிருமி கொல்ற மருந்து. விற்கறதை உடனே நிறுத்துங்க.”

“அதுக்குத்தான் சார் இந்த விலை.”

“வேணும்னேவா பண்றாங்க?”

“பார்லியைப் புகையில காயவெச்சு, பதினாறு வருஷம் காத்திருந்து பண்றாங்க.”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இவருக்குக் கற்பூர வாசனை நன்றாகவே தெரியும், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுவரை தெரியும். சங்கடமே அதுதான். “வாசனையே இல்லாததுதானே நல்லது?” என்று கேட்டார். அதற்கு வோட்கா இருக்கிறது என்று கடைக்காரர் மரியாதையாகச் சொன்னார்.

மூக்கு நோட்டைப் பார்த்தார். விலைச்சீட்டுகளைப் பார்த்தார். குறை ஏற ஏற விலையும் ஏறியிருந்தது. இந்தத் துறையில் எல்லாம் தலைகீழ் என்று புரிந்துகொண்டு, ஒன்பது குறை உள்ளதைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

மறுநாள் மச்சான் கதவைத் திறந்து “வாங்க” என்றார். மனைவி அண்ணியோடு சமையலறைக்குள் போகும்போது திரும்பி மூக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மச்சான் பொட்டலத்தைப் பிரித்து, பெயரைப் படித்துவிட்டு, புட்டியை அங்கேயே திறந்தார். இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றை வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தார். பிறகு மற்றதை நீட்டினார்.

“நான் குடிக்கறதில்லை மச்சான்.”

“குடிக்க வேண்டாம். எப்படி இருக்கு, சொல்லுங்க.”

“நல்லா இருக்கு மச்சான்.”

“என்ன வாசனை?”

“நல்ல வாசனை.” நெற்றியில் வியர்த்துவிட்டது. அவருக்குப் பொய்யில் பழக்கம் கிடையாது.

மச்சான் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாப்ளே, போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துது. அதோட எனக்கு வாசனை தெரியறதே நின்னுபோச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது. தினமும் சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டிருக்கேன். எது எப்படி இருந்தாலும் எனக்கு மண்ணைத் தின்ன மாதிரிதான். எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. உள்ளது உள்ளபடி சொல்ற ஆள் எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் வரச்சொன்னேன்.”

மனைவி வாயை மூடச் சொன்னது மூக்குக்கு ஞாபகத்துக்கு வந்தது. பிறகு கிளாசை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார்.

“முதல்ல டிங்சர் மச்சான். காயத்துக்குப் போடறது.”

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். “அப்புறம்?”

“நனைஞ்ச கயிறு. தடிக் கயிறு. அதுமேல தார்.”

மச்சான் ஒரு வாய் குடித்தார். “ஆமா, துறைமுகம். அப்புறம்?”

“ஒயர் கருகின நாத்தம்.”

“எஞ்சின் ரூம்” என்றார் மச்சான். மூடிய கண்ணின் ஓரம் நனைந்திருந்தது. “மெதுவா சொல்லுங்க. ஒண்ணொண்ணா.”

“வெயில்ல அழுகின கடல்பாசி. குமட்டற மாதிரி.”

தட்டோடு வந்த மனைவியின் காதில் விழுந்தது இது ஒன்றுதான். நாலு வருடம் காத்திருந்தது போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்களேன்” என்றாள்.

“நீ சும்மா இரும்மா” என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. “அவர் சொல்லட்டும்.”